உருளைக்கிழங்கு போடப் போகிறீர்களா? கலண்டரைப் பின்னாலிருந்து புரட்டுங்கள்

நான் முதல் தடவை கிழங்கு போட்டது ஏப்ரல் முதல் கிழமை. சித்திரை வருஷத்துக்கு முன்னால் வேலையை முடித்துவிட்டால் நிம்மதி என்று ஒரு நினைப்பு, அவ்வளவுதான் என் திட்டம். நுவரெலியாப் பக்கம், கந்தப்பளைக்கு மேலே 40 பேர்ச்சஸ், அதாவது கால் ஏக்கர், குத்தகை நிலம். மே முடிவில் செடி முழங்காலுக்கு மேலே நின்றது, பூவும் வைத்தது, நான் போட்டோ எடுத்துக் கொழும்பில் இருக்கிற தங்கச்சிக்கெல்லாம் அனுப்பினேன். ஜூன் பிறந்ததும் நான்கு நாள் விடாத மழையும் மூடுபனியும். ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தால் இலை ஓரமெல்லாம் வெந்நீர் ஊற்றியது போல இருந்தது. அடுத்த கிழமை தண்டு மட்டும்தான் மிச்சம். தோண்டியதில் கிடைத்தது எலுமிச்சங்காய் அளவுக் கிழங்கு.

பக்கத்து நிலத்து ஐயா பெப்ரவரி நடுவில் போட்டவர். அந்த மழை தொடங்குவதற்குள் மூடை கட்டி லொறியில் ஏற்றிவிட்டார். அதே மண், அதே ரகம், அதே ஓடைத் தண்ணீர். ஏழு கிழமைதான் வித்தியாசம்.

அதற்குப் பிறகு நான்கு போகம் போட்டுவிட்டேன். இது நுவரெலியா, கந்தப்பளை, இராகலை, மீப்பிலிமான பக்கம் 20 பேர்ச்சஸிலிருந்து அரை ஏக்கர் வரை முதல் தடவை போடப் போகிறவர்களுக்காக எழுதுவது. தலைமுறையாகச் செய்கிறவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

1. முதலில் தோண்டும் நாளைக் குறியுங்கள்

எல்லாரும் எப்போது நடலாம் என்றுதான் கேட்கிறார்கள். எப்போது தோண்டி முடித்திருக்க வேண்டும் என்று கேளுங்கள். இங்கே அதிகம் போடுவது கிரானோலா ரகம், அதற்கு ஏறக்குறைய 100 நாள் வையுங்கள். தென்மேற்குப் பருவமழை வழக்கமாக மே கடைசியில் பிடிக்கும். அதற்குள் கிழங்கு மண்ணைவிட்டு வெளியே வந்திருக்க வேண்டும் என்றால், மே 25இலிருந்து 100 நாள் பின்னால் எண்ணிப் பாருங்கள், பெப்ரவரி நடுப்பகுதிக்கு வந்து நிற்பீர்கள். மார்ச் 15இல் நட்டால் ஜூன் 23. ஏப்ரலில் நட்டால் என் கதைதான்.

அப்படியென்றால் இன்னும் முந்தி, ஜனவரியிலேயே போட்டுவிடலாமே என்று தோன்றும். இரண்டாம் வருஷம் எனக்கும் தோன்றியது. ஜனவரியிலும் பெப்ரவரியிலும் வானம் துடைத்துவிட்டது போல இருக்கிற இரவுகளில், காற்றும் இல்லாவிட்டால், விடியும்போது புல் வெள்ளையாக இருக்கும். ரேடியோவில் துகள் உறைபனி என்பார்கள், எங்கள் தோட்டக் குடியிருப்பில், லயத்தில், பனி கொட்டுது என்பார்கள். தேயிலைக் கொழுந்தையே கருக்குகிற பனி இளம் கிழங்குச் செடியை விடுமா? ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கிழங்கு மண்ணுக்குள் இருக்கிற வரை பனி அதை ஒன்றும் செய்யாது, முளை வெளியே தலைகாட்டிய பிறகுதான் ஆபத்து. நட்டு இரண்டு மூன்று கிழமையில் முளை வரும். ஜனவரி 10இல் நட்டால் மாதக் கடைசியில் பச்சை தெரியும், அது பனிக்குச் சாப்பாடு. பெப்ரவரி 5இலிருந்து 20க்குள் நட்டால் முளை வருவது பெப்ரவரி கடைசி, மார்ச் தொடக்கம். அப்போது பனியின் பயம் பெரும்பாலும் போயிருக்கும். இந்த இரண்டு கிழமை இடைவெளிதான் உங்கள் யல போகம், அதாவது சிறுபோகம்.

பெரும்போகம் என்றால் ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டெம்பர் தொடக்கம் வரை. ஆகஸ்ட் 25இல் நட்டால் டிசம்பர் 3 அளவில் தோண்டலாம். இதில் சிக்கல் என்ன என்றால் செடி நன்றாக விரிந்து நிற்கிற நேரத்தில்தான் ஒக்டோபர், நவம்பர் இடைப்பருவ மழை கொட்டும். மருந்துச் செலவு கூடும், தூக்கம் குறையும். முதல் தடவை போடுகிறவர்கள் பெரும்போகத்தில் தொடங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். மறுக்கிறவர்கள் இருக்கிறார்கள், டிசம்பரில் விலை நல்லது என்பார்கள். இருக்கலாம்.

2. உங்கள் மலை எந்தப் பக்கம் என்று பாருங்கள்

மேலே சொன்ன தேதிகளை அப்படியே அட்டனுக்கோ வெலிமடைக்கோ கொண்டுபோகாதீர்கள். வெலிமடை, பண்டாரவளைப் பக்கத்துக்குத் தென்மேற்கு மழை அவ்வளவாக எட்டாது. அங்கே நெல் அறுத்த வயலில் ஜூன், ஜூலையில் நடுவார்கள், மேட்டு நிலத்தில் நவம்பர், டிசம்பரில். அட்டன், நோர்வூட், மஸ்கெலியா மேற்குச் சரிவு, தென்மேற்கு மழையை நேராக முகத்தில் வாங்கும். வட்டவளையின் மழையைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உங்கள் ஊரில் எந்த மாதம் துணி காயாமல் கிடக்கிறதோ, அந்த மாதத்தில் கிழங்குச் செடி முழு இலையோடு நிற்கக்கூடாது.

3. நிலமும் பத்திரமும்: நவம்பரிலேயே

பெப்ரவரியில் நட வேண்டும் என்றால் நிலம் டிசம்பர் முடிவதற்குள் கையில் இருக்க வேண்டும். ஜனவரியில் தேடினால் நல்ல நிலமெல்லாம் போயிருக்கும், மிஞ்சியது ஏன் மிஞ்சியது என்று பிறகுதான் தெரியும்.

லயத்துப் பக்கத்துத் தோட்டக் காணியில் போடுகிறீர்கள் என்றால் அந்த நிலம் உங்களுடையது அல்ல, எத்தனை தலைமுறை கொத்தியிருந்தாலும். நிர்வாகம் வாயால் சரி சொன்னாலும் எழுத்தில் ஒரு துண்டு வாங்குங்கள். துரை மாறினால் வாய்ச்சொல்லும் மாறிவிடும்.

தனியார் நிலம் என்றால் குத்தகை ஒப்பந்தம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை சட்டப்படி செல்ல வேண்டும் என்றால் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதியிருக்க வேண்டும். கடையில் வாங்கிய தாளில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்வது இங்கே வழக்கம், நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். இரண்டாம் போகத்தில் நிலக்காரர் தன் மச்சானுக்குக் கொடுக்கப்போவதாகச் சொன்னபோது அந்தத் தாள் எதற்கும் உதவவில்லை. நொத்தாரிசுக் கட்டணத்தை முன்கூட்டியே கேட்டு, யார் கொடுப்பது என்று நிலக்காரரோடு பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை: நிலத்தின் உறுதியின் பிரதி, நிலக்காரரின் அடையாள அட்டை, உறுதியில் இன்னும் பங்காளிகள் இருக்கிறார்களா என்பது. ஒப்பந்தத்தில் எல்லை, பேர்ச்சஸ், தண்ணீர் எடுக்கும் இடம், முடியும் தேதி எல்லாம் இருக்கட்டும். தண்ணீரை மறக்காதீர்கள். பெப்ரவரி, மார்ச் தொடக்கத்தில் வெயில் காயும், ஓடையில் மோட்டர் வைக்க உரிமை இல்லாவிட்டால் நிலம் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். குத்தகை ஒரு போகத்துக்கு வேண்டாம், குறைந்தது ஒரு வருஷம் எழுதுங்கள். ஏன் என்பது கடைசியில் வரும்.

இன்னொரு கேள்வி, இதை நிலக்காரரிடம் கேட்காமல் பக்கத்து நிலத்துக்காரரிடம் கேளுங்கள்: கடைசி மூன்று போகம் இங்கே என்ன போட்டார்கள்? கிழங்கு, தக்காளி, கத்தரி, மிளகாய் இதில் ஏதாவது வாடிப்போன நிலமா? ஆம் என்றால் நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

4. கமநல சேவை நிலையம்

ஒப்பந்தம் கையில் வந்த உடனே விவசாயியாகப் பதிய இங்கே போங்கள். அடையாள அட்டை, குத்தகை ஒப்பந்தம், கிராம சேவகரின் கடிதம், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், எல்லாவற்றிலும் இரண்டிரண்டு போட்டோக் கொப்பி. நான் மூன்று தடவை போய் வந்தது அறிவில்லாததால் அல்ல, ஒவ்வொரு தடவையும் ஒரு கொப்பி குறைந்ததால். படிவம் சிங்களத்தில் நீட்டினால் தமிழ்ப் படிவம் கேளுங்கள், கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. லயத்து விலாசம் கொடுத்தால் கடிதம் தோட்ட ஒபிசுக்குப் போய் அங்கேயே தூங்கும், அதனால் போன் இலக்கத்தைப் பெரிதாக எழுதுங்கள்.

பதிவதால் என்ன லாபம்? உர உதவி ஏதாவது அறிவிக்கப்பட்டால் பட்டியலில் பெயர் இருக்கும். காப்புறுதியும் இருக்கிறது. கமத்தொழில் கமநலக் காப்புறுதிச் சபையின் திட்டத்தில் உருளைக்கிழங்கும் சேர்க்கப்பட்ட பயிர்தான். இந்தப் போகத்துக்கு என்ன நிபந்தனை, எவ்வளவு கட்ட வேண்டும் என்று நடுவதற்கு முன்பே கேளுங்கள், செடி கருகிய பிறகு போய்க் கேட்டவன் நான். அப்புறம், உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரின் பெயரையும் அவர் ஒபிசில் இருக்கும் நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். மண் பரிசோதனைக்கு எங்கே கொடுப்பது, எவ்வளவு டொலமைட் போடுவது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். இங்கே மண் புளிப்பு, டொலமைட் தேவைப்படும், ஆனால் அதை நடுவதற்கு மூன்று நான்கு கிழமைக்கு முன்பே மண்ணில் கலந்திருக்க வேண்டும். அதாவது ஜனவரி நடுவில். அவசரச் சந்தேகத்துக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற போன் இலக்கம் இருக்கிறது.

5. விதைக்கிழங்கு

பணம் போவதும் இங்கேதான், பயிர் கெடுவதும் இங்கேதான்.

எவ்வளவு வேண்டும்? வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 25 சென்டிமீட்டர் வைத்தால் ஒரு பேர்ச்சஸில் ஏறக்குறைய 168 கிழங்கு பிடிக்கும். முட்டை அளவுக்குக் கொஞ்சம் சின்னக் கிழங்காக எடுத்தால் பேர்ச்சஸுக்கு 5, 6 கிலோ. 40 பேர்ச்சஸுக்கு 200இலிருந்து 240 கிலோ, 50 கிலோ மூடையில் நான்கு அல்லது ஐந்து. பெரிய கிழங்கை இரண்டாக வெட்டினால் மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். வெட்டாதீர்கள். ஒரு கிழங்கில் பற்றீரியா வாடல் இருந்தால் அதே கத்தி மற்றக் கிழங்குகளுக்கெல்லாம் பந்தி வைத்துவிடும்.

எங்கே வாங்குவது? அரச விதைப் பண்ணைக் கிழங்கு, நெதர்லாந்து போன்ற இடங்களிலிருந்து வரும் இறக்குமதி விதை, அதிலிருந்து இங்கே பெருக்கிய விதை, இப்படிப் பல தரம் இருக்கிறது. அத்தாட்சிச் சீட்டு மூடையில் தைத்திருக்கிறதா என்று பாருங்கள், சீட்டைப் போட்டோ எடுங்கள், பற்றுச்சீட்டு இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். மூன்றாம் போகத்தில் நான் ஒரு கடையில், இதுவும் அதே விதைதான் சீட்டு மட்டும் கழன்றுவிட்டது என்ற பேச்சை நம்பி, கொஞ்சம் மலிவாக இரண்டு மூடை எடுத்தேன். ஆறாவது கிழமை மத்தியானத்தில் சில செடிகள் தலை தொங்கின, பின்னேரம் நிமிர்ந்தன. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் தண்ணீர் விட்டேன். நோயை வரிசை வரிசையாக ஓட்டிவிட்டதுதான் மிச்சம்.

சந்தேகம் வந்தால் செய்ய வேண்டியது இது. வாடுகிற செடியின் தண்டை அடியில் வெட்டி, ஒரு கண்ணாடிக் கிளாசில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டிய முனை தண்ணீரில் தொடும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிஷத்தில் முனையிலிருந்து வெள்ளை நூல் மாதிரி, பால் ஒழுகுவது போல ஒன்று கீழே இறங்கினால் அது பற்றீரியா வாடல்தான். மருந்து கிடையாது. செடியைச் சுற்றியுள்ள மண்ணோடு கிண்டி அப்புறப்படுத்துங்கள், அந்தச் சாலின் தண்ணீர் கீழ் பாத்திக்குப் போகாமல் மறியுங்கள், மம்பட்டியைக் கழுவுங்கள்.

இனி முளை. தோண்டிய கிழங்கு உடனே முளைக்காது, தூங்கும். கிரானோலா ஏறக்குறைய இரண்டு, இரண்டரை மாதம் தூங்கும். டிசம்பர் தொடக்கத்தில் தோண்டியது பெப்ரவரி நடுவில் சரியாகத் தயாராகும், மே கடைசியில் தோண்டியது ஆகஸ்ட் நடுவில். பழைய ஆட்களின் இரண்டு போகமும் ஏன் இப்படி அமைந்தது என்று இதில் புரியும். அதனால் விற்கிறவரிடம் எப்போது தோண்டியது என்று கட்டாயம் கேளுங்கள். வாங்கி வந்ததும் மூடையிலேயே விடாமல், நேர் வெயில் படாத வெளிச்சமான இடத்தில் தட்டிலோ பழைய மரப்பெட்டியிலோ இரண்டடுக்குக்கு மேல் போகாமல் பரப்புங்கள். வெளிச்சத்தில் வந்த முளை தடித்து, குட்டையாக, ஒரு சென்டிமீட்டர் இரண்டு சென்டிமீட்டரில் நிற்கும், கையால் தட்டினாலும் விழாது. இருட்டில் கட்டிலுக்கு அடியில் வைத்தால் வெள்ளையாக நீண்டு, தொட்டவுடன் ஒடியும். முளை வராத கிழங்கை நல்ல நாள் பார்த்து நட்டாலும் அந்த நாளுக்கு அர்த்தம் இல்லை, மண்ணுக்குள் இருந்துகொண்டு உங்கள் 100 நாளைத் தின்னும்.

6. செலவு

ரூபாய்க் கணக்கு எழுதினால் நீங்கள் வாசிக்கிறபோது பொய்யாகியிருக்கும், அதனால் என் கொப்பியிலிருந்து பங்கு மட்டும் சொல்கிறேன். போன யலவில் செலவழித்த ஒவ்வொரு 100 ரூபாயிலும் 40க்கு மேல் விதைக்கு, 20 அளவு உரத்துக்கும் எருவுக்கும், இன்னொரு 20 கூலிக்கு, 10 மருந்துக்கு, மிச்சம் குத்தகை, மோட்டருக்கு எண்ணெய், லொறி. ஆகவே இன்றைய விதை விலையை ஐந்து மூடைக்குப் பெருக்கி, அதை இரண்டரை மடங்காக்கினால் 40 பேர்ச்சஸுக்கு எவ்வளவு காசு வேண்டும் என்று தோராயமாகப் பிடிபடும்.

அதில் பாதிக்கு மேல் நடுவதற்கு முன்பே போய்விடும். கூலி ஆள் கணக்கு: நிலம் கொத்தி வடிகால் கான் வெட்ட 10 பேரின் ஒரு நாள் சம்பளம், நட 5, களையும் மண் அணைப்பும் 8, தோண்ட 8. ஞாயிற்றுக்கிழமையும் போயாவும்தான் தோட்டத்தில் ஆள் கிடைக்கும், ஆகவே கொத்து வேலையை ஜனவரி முழுக்கப் பரப்பிப் போடுங்கள். நகையை வைத்து முழுக் காசையும் இதில் கொட்டாதீர்கள், முதல் தடவை 20 பேர்ச்சஸ் போதும்.

7. நடும் கிழமை

சரிவு நிலத்தில் பாத்தி குறுக்காகப் போக வேண்டும், மேலிருந்து கீழாக அல்ல. மேல் எல்லையில் ஒரு கான் வெட்டி வெளித்தண்ணீரைத் திருப்புங்கள், ஏப்ரலில் பின்னேர இடிமழை வரும்போது இந்தக் கான்தான் மண்ணைக் காப்பாற்றும். நன்றாக மக்கிய எரு மட்டும் போடுங்கள். கிழங்கை முளை மேலே பார்க்க வைத்து மூடுங்கள்.

பனிக்காற்று தண்ணீர் மாதிரி, பள்ளத்தை நோக்கி இறங்கித் தேங்கும். என் நிலத்தில் மேல் பாத்திகளுக்கு ஒன்றும் ஆகாமல் ஓடைப் பக்கத்து இரண்டு பாத்தி மட்டும் கருகியது அப்படித்தான். ஆகவே மேட்டில் முதலில் நடுங்கள், பள்ளத்தில் ஒரு கிழமை பத்து நாள் பிந்தி. தப்பித்தவறி முளை வந்த பிறகு பனி கொட்டினால், வெயில் படுவதற்கு முன்னால் தண்ணீர் தெளித்துக் கழுவிவிடுங்கள். கருகிய செடி அடியிலிருந்து திரும்பத் துளிர்க்கும், ஆனால் இரண்டு மூன்று கிழமை போச்சு.

8. மண் அணைப்பும் மருந்தும்

நட்டு நான்கு கிழமை அளவில் மேலுரம் போட்டு மண் அணையுங்கள். பிந்தினால் கிழங்கு வெளியே தெரிந்து பச்சையாகும், பச்சைக் கிழங்கை யாரும் வாங்கமாட்டார்கள், சாப்பிடவும் கூடாது.

பின் வெளிறல், என் முதல் போகத்தைத் தின்ற நோய், குளிரும் ஈரமும் சேர்ந்தால் வரும். இலையின் அடியைத் திருப்பிப் பாருங்கள், காலையில் புள்ளியைச் சுற்றி வெள்ளைப் பூஞ்சணம் மெல்லியதாகத் தெரியும். தெரிந்த பிறகு ஓடுவதைவிட, மழைக்கு முன்னால் மென்கோசெப் போன்ற தடுப்பு மருந்து அடித்திருப்பதுதான் வேலை. மூடுபனி நாளில் இடைவெளி ஒரு கிழமைக்கு மேல் போகக்கூடாது. எந்த அளவு, தோண்டுவதற்கு எத்தனை நாள் முன் நிறுத்துவது என்பதை லேபிளில் பாருங்கள், கடைக்காரர் சொல்லும் மூடிக் கணக்கு வேண்டாம். முகத்தையும் கையையும் மூடிக்கொள்ளுங்கள்.

பூக்கும் நேரத்தில் ஒரு செடியைப் பிடுங்கி வேரையும் பாருங்கள். குண்டூசித் தலை அளவில் வெள்ளை, மஞ்சள் மணிகள் ஒட்டியிருந்தால் வட்டப்புழு. போதனாசிரியரைக் கூப்பிடுங்கள்.

9. தோண்டுவதும் விற்பதும்

தோண்டுவதற்குப் பத்துப் பதினான்கு நாளுக்கு முன்னால் செடியை வெட்டி விடுங்கள், அந்த 100 நாளுக்குள் இதுவும் அடக்கம். அப்போதுதான் தோல் பிடிக்கும். ஒரு கிழங்கை எடுத்துப் பெருவிரலால் அழுத்தித் தேயுங்கள், தோல் உரிந்தால் இன்னும் நான்கு நாள். காய்ந்த நாளில் தோண்டுங்கள், முள்ளுக் குத்திய கிழங்கைத் தனியே வையுங்கள், கழுவாதீர்கள். மண்ணோடு இருந்தால்தான் உள்ளூர்க் கிழங்கு என்று வாங்குவார்கள். வெளிநாட்டுக் கிழங்குக்குச் செம்மண் பூசி விற்கிறவர்களும் இருக்கிறார்கள் என்றால் அந்த மண்ணின் மதிப்பைப் பாருங்கள்.

விலை உங்கள் கையில் இல்லை. இறக்குமதி வரி கூடினால் ஏறும், பாகிஸ்தான், இந்தியக் கிழங்கு இறங்கினால் விழும். தோண்டுவதற்கு ஒரு கிழமை முன்பிருந்து நுவரெலியா, கெப்பெட்டிப்பொல பொருளாதார மத்திய நிலையங்களின் விலையைத் தினமும் கேட்டு எழுதுங்கள். ஏற்றுவதற்கு முன் மூன்று விஷயம் வாயால் அல்ல, துண்டில் வாங்குங்கள்: கிலோ விலை, கமிஷன், மூடைக்குக் கழிவு எத்தனை கிலோ. ஒரு வியாபாரி என்னிடம் விலையைக் கூட்டிக் கொடுத்துவிட்டு, மண் என்று சொல்லி மூடைக்கு மூன்று கிலோ வெட்டினார், வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டபோதுதான் விலை கூடவே இல்லை என்று தெரிந்தது.

இனி அந்த ஒரு வருஷக் குத்தகை. தோண்டிய நிலத்தில் உடனே திரும்பக் கிழங்கு போட்டால் வாடலும் வட்டப்புழுவும் குடியேறிவிடும். லீக்ஸ், கரட், பீட்ரூட், கோவா என்று மாற்றுங்கள், தக்காளியும் மிளகாயும் மாற்றுப் பயிர் ஆகாது, அவையும் அதே குடும்பம். நான் இப்போது நிலத்தை இரண்டாகப் பிரித்து மேல் பாதியில் கிழங்கு, கீழ் பாதியில் லீக்ஸ் போட்டிருக்கிறேன். ஓடைப் பக்கத்து அந்த இரண்டு பாத்தியில் இனி பெப்ரவரியில் கிழங்கு வைப்பதே இல்லை.